‘உலர் துறைமுகம்’ வேண்டாம், சரக்குப்பேட்டை போதும்

போன மாதம் குமரி மாவட்டம் குளச்சலில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாட்டின் சரக்குப் போக்குவரத்துக்கு உலர் துறைமுகங்களை வளர்க்க வேண்டும் என்று ஒரு கட்டுரை. தலைப்பைக் கொஞ்சம் சத்தமாக வாசித்துவிட்டேன் போல. கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த சித்தப்பா ஊசியை நிறுத்திவிட்டு, “மக்களே, எந்த ஹார்பர் காஞ்சு போச்சு? தேங்காப்பட்டணமா?” என்று கேட்டார்.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணல் சேர்ந்து, படகுகள் கவிழ்ந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். துறைமுகம் உலர்ந்தது என்று காதில் விழுந்தால் எங்கள் கடற்கரையில் யாருக்கும் முதலில் வருவது அந்தப் பயம்தான். இந்தச் சொல்லைச் செய்தியிலும் கூட்டங்களிலும் பலமுறை கேட்டு விட்டுவிட்டேன். அன்றைக்கு விட முடியவில்லை.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் ‘டிரை போர்ட்’ என்பது கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கும் ஒரு சரக்கு மையம். ரயிலோ சாலையோ அதைக் கடல் துறைமுகத்தோடு இணைக்கும். ஏற்றுமதிச் சரக்கைக் கண்டெய்னரில் அடைப்பது, சுங்க அதிகாரி சோதிப்பது, சீல் வைப்பது எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பெட்டி நேராகத் துறைமுகம் போய்க் கப்பல் ஏறும். இறக்குமதி என்றால் இதுவே திரும்பி நடக்கும். கடற்கரையில் பெட்டிகள் நாள்கணக்கில் தேங்கி நெரிசலாவது இதனால் குறையும். 45 வேகன் கோத்த ஒரு ரயில், இருபதடிப் பெட்டிகளாக 90 பெட்டியை ஒரே தடவையில் இழுத்துவிடும். அத்தனை டிரெய்லர்கள் சாலையில் வராது. இந்தியாவில் முதலாவது பெங்களூரில் 1981இல் வந்தது. 1988இல் மத்திய அரசு நிறுவனமான கண்டெய்னர் கார்ப்பரேஷனைத் தொடங்கினார்கள், அது அடுத்த ஆண்டு ரயில்வேயிடமிருந்து இப்படிப்பட்ட ஏழு மையங்களை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியது. கடலே இல்லாத நாடுகளுக்கு இது உயிர்நாடி. நேபாளத்துக்குக் கொல்கத்தாவில் இறங்குகிற பெட்டி ரயிலில் ரக்சௌல் வழியாக பீர்கஞ்ச் போய்ச் சேர்கிறது. எத்தியோப்பியாவுக்கு ஜிபூத்தியில் இறங்குவது மோஜோவுக்குப் போகிறது.

‘போர்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. துறைமுகம், வாசல் இரண்டுக்கும் அங்கே ஒரே வேர். ‘டிரை’ என்றால் அவர்களுக்கு ஈரம் போனது என்றும் பொருள், தண்ணீரில் இல்லாதது, தரையில் இருப்பது என்றும் பொருள். இந்தச் சொல்லில் இருப்பது இரண்டாவது பொருள். மொழிபெயர்த்தவர் எடுத்துக்கொண்டது முதலாவது. தப்பு இங்கேதான் நடந்தது.

தமிழில் உலர்தல் என்பது ஒரு நிகழ்வு. ஈரமாக இருந்தது காய வேண்டும். கொடியில் துணி உலர்கிறது, திராட்சை உலர்ந்தால் உலர் திராட்சை, மணலில் விரித்த நெத்திலி உலர்ந்தால் கருவாடு. அப்படியானால் உலர் துறைமுகம் என்பது ஒருகாலத்தில் தண்ணீர் இருந்து இப்போது வற்றிப்போன துறைமுகம். சித்தப்பாவுக்குப் புரிந்ததும் அதுதான், அவர் புரிந்துகொண்டதில் ஒரு பிழையும் இல்லை. இலங்கையில் உலர் வலயம் என்கிறார்களே என்று கேட்கலாம். அது மழை குறைந்த நிலப்பகுதி, அங்கே வறட்சி உண்மையிலேயே இருக்கிறது, சொல் பொருந்துகிறது. டெல்லி துக்ளகாபாத்தில் கண்டெய்னர் இறங்கும் இடத்தில் மழை கொட்டினாலும் அது ‘டிரை போர்ட்’தான்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கப்பலை உள்ளே கொண்டுவந்து, கதவை அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கிற இடம் ‘டிரை டாக்’. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் இருந்து வடிகிறது, அதனால் அதற்கு உலர்துறை என்று பெயர் வைத்தால் நான் ஒப்புக்கொள்வேன். இப்போது உலர்துறை ஒன்று, உலர் துறைமுகம் ஒன்று, ஒன்றில் கப்பலைப் பழுதுபார்க்கிறார்கள், இன்னொன்றில் கப்பலே வராது. படிக்கிற பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

துறை என்ற சொல்லை எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்த்தாண்டன்துறை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, பூத்துறை, இரையுமன்துறை, ஒரே கடற்கரையில் வரிசையாக இருக்கிற ஊர்கள். உள்ளே வந்தால் ஆற்றங்கரையில் குழித்துறை. படித்துறை, குளிதுறை, வண்ணான்துறை, எல்லாம் மனிதன் தண்ணீரில் இறங்குகிற, தண்ணீரிலிருந்து ஏறுகிற இடம். கல்வித் துறை, சுங்கத் துறை என்று அரசாங்கப் பிரிவுக்கும் அந்தச் சொல் போனது உண்மை. ஆனால் துறைக்குப் பின்னால் முகத்தைச் சேர்த்துத் துறைமுகம் என்று சொன்னபிறகு அதில் தண்ணீர் இல்லாமல் இருக்கவே முடியாது.

இது வெறும் இலக்கணக் கணக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகம் என்ற சொல்லுக்கு இந்த மாவட்டத்தில் கனம் அதிகம். இனயத்தில் பெட்டக முனையம், அதாவது கண்டெய்னர் துறைமுகம், என்றார்கள், அப்புறம் கோவளத்துக்கும் மணக்குடிக்கும் நடுவில் என்றார்கள், கடற்கரை முழுக்க எதிர்த்து நின்றது. இனி யாராவது இங்கே உள்நாட்டில் ஒரு சரக்கு மையம் பற்றிப் பேசி அதற்கு உலர் துறைமுகம் என்று பெயரும் வைத்தால், கடற்கரையில் ஒரு பிடி மண்ணும் தேவைப்படாத ஒன்றைக் கடற்கரையைப் பறிக்கிற திட்டமாக மக்கள் நினைப்பார்கள். ஆதரிப்பதோ எதிர்ப்பதோ அவரவர் உரிமை. எதை என்று தெரிந்தல்லவா செய்ய வேண்டும்?

போட்டிக்கு வேறு சொற்களும் வந்திருக்கின்றன. ‘வறண்ட துறைமுகம்’ பற்றிப் பேசவே வேண்டாம். ‘உள்நாட்டுத் துறைமுகம்’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அது ஆற்றுத் துறைமுகத்துக்கு வேண்டும். வாரணாசியில் கங்கைக் கரையில் 2018இல் திறந்த சரக்கு முனையத்தை வேறு எப்படிச் சொல்வது? அங்கே படகு வருகிறது, துறை இருக்கிறது. ‘தரைத்துறைமுகம்’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். ‘டிரை’யை அவர் சரியாகப் புரிந்துகொண்டார், ஆனால் ‘போர்ட்’ வந்தால் துறைமுகம் போட்டே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் அவரையும் விடவில்லை.

‘ஏர்போர்ட்’டை நாம் வான்துறைமுகம் என்றா சொன்னோம்? விமான நிலையம் என்றோம். ‘பாஸ்போர்ட்’ கடவுச்சீட்டு ஆனது. அந்த ஆட்கள் சொல்லைப் பார்க்கவில்லை, பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். ஆசிய பசிபிக் நாடுகள் 2013இல் ஐ.நா. ஆணையத்தின் கீழ் ‘டிரை போர்ட்’டுக்கென்றே ஓர் ஒப்பந்தம் செய்தன, 2016இல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள வரையறை சொல்வதெல்லாம் உள்நாட்டில் இருக்க வேண்டும், போக்குவரத்து வழியோடு இணைந்திருக்க வேண்டும், சரக்கைக் கையாள வேண்டும், வைத்திருக்க வேண்டும், சோதிக்க வேண்டும், சுங்க வேலை முடிக்க வேண்டும் என்பதுதான். காய்வது பற்றி அதில் ஒரு சொல் கிடையாது.

சரி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சரக்குப்பேட்டை. வெளியூர்ச் சரக்கு வந்து இறங்கி, பிரிந்து, விலைபேசிப் போகிற இடத்துக்குப் பேட்டை என்று தமிழில் சொல்லியிருக்கிறோம். ‘இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்’டுக்குத் தொழிற்பேட்டை என்று யாரோ வைத்த பெயர் ஊர் ஊராக நின்றுவிட்டது. அதைச் சொன்னவரைக் கும்பிடத் தோன்றுகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கிற சொல்தானே என்று தூய்மை பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நானும் தூய தமிழை விரும்புகிறவன்தான். பக்கத்து வீட்டிலும் புழங்குகிறது என்பதற்காக நம் வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கி எறிய மாட்டேன். சுங்கத்தையும் சேர்த்துச் சுங்கப்பேட்டை என்று வைக்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் நெடுஞ்சாலையில் காசு வாங்குகிற இடத்தைச் சுங்கச்சாவடி ஆக்கிவிட்டதால், இன்றைக்குச் சுங்கம் என்றால் ஜனங்களுக்கு டோல்தான். அந்தச் சொல் கைவிட்டுப் போய்விட்டது.

தொழிலில் இருப்பவர்கள் இது எதையும் சொல்வதில்லை என்பதும் தெரியும். மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்டியாபீஸுக்கு (முந்திரி ஆலை) ஆப்பிரிக்காவிலிருந்து தோட்டண்டி, அதாவது உடைக்காத முந்திரிக்கொட்டை, தூத்துக்குடி வழியாக வருகிறது. பெட்டி வந்து நின்றதும் கணக்குப்பிள்ளை தாளைக் கையில் வைத்துக்கொண்டு சீல் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக வாசித்து ஒப்பிடுவார், ஒத்துப்போனால்தான் இரும்பு போல்ட்டை வெட்டச் சொல்வார். கதவு திறந்தவுடன் சணல் சாக்கின் வாசனை தெருவரைக்கும் வரும். அவர்கள் வாயில் ஐ.சி.டி. (இந்த உள்நாட்டுச் சரக்கு மையம்தான்), சி.எப்.எஸ். (பெட்டியில் சரக்கை அடைத்துப் பிரிக்கிற நிலையம்), கிளியரிங் ஏஜெண்ட், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) என்றுதான் வரும். அதில் எனக்கு வருத்தம் இல்லை, தொழில்மொழி அப்படித்தான். என் சண்டை பொதுமக்களுக்கு எழுதுகிறவர்களோடு. அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டிவைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சரக்கை இறக்கி, வைத்து, பிரித்து அனுப்புகிற இடத்தை ஆங்கிலத்தில் லாஜிஸ்டிக்ஸ் பார்க் என்றால் உடனே பூங்கா. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 2022இல் அடிக்கல் நாட்டினார்களே, அதையும் பூங்கா என்றே எழுதினார்கள். டிரெய்லர் வரிசை வரிசையாக நிற்கப்போகிற இடத்தில் எங்கே இருக்கிறது பூ? அதுவும் பேட்டைதான், பெரிய சரக்குப்பேட்டை.

அன்றைக்குச் சித்தப்பாவிடம் இதை எல்லாம் சொல்லவில்லை. “ஒரு ஹார்பரும் காயல சித்தப்பா. உள்நாட்டுல சரக்குப்பேட்டை கட்டணும்னு எழுதியிருக்கான். பெட்டிய அங்கயே செக் பண்ணி சீல் வச்சு கடலுக்கு அனுப்புவாங்க” என்றேன். அவர் ஊசியை மறுபடி எடுத்தார். இரண்டு கண்ணி தைத்தபிறகு, “அப்போ கேரளத்துல விழிஞ்ஞம் ஹார்பருக்குப் போற பெட்டியெல்லாம் எந்த வழியா போகும்? மார்த்தாண்டம் ரோட்டுலயா, ரயில்லயா?” என்று கேட்டார்.