காற்றடிக்கும் நாளில் கூடுதல் வேகம் காப்பாற்றாது

மறுபடியும் ஒரு செஸ்னா 172 பயிற்சி விமானம், மூக்குச் சக்கரம் மடிந்து, ரன்வேயிலிருந்து ஹேங்கருக்கு இழுத்து வரப்பட்டது. ஓட்டிய மாணவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அந்த மட்டும் நிம்மதி. என்னப்பா ஆச்சு என்று கேட்டால் அதே பழைய பதில்: “காற்று பலமா இருந்துச்சு சார், அதான் ஸ்பீடு கொஞ்சம் கூட வச்சு வந்தேன்.” பறக்கக் கற்றுக்கொடுக்கும் எல்லோரும் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்போம். இந்த ஒரு எண்ணத்தை உங்கள் தலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த விமானத்தின் கௌலிங்கை, அதாவது என்ஜின் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். என்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே இருக்கும் தடுப்புத் தகடான ஃபயர்வாலின் அடிப்பகுதி, மிதித்த தகர டப்பா மாதிரி சுருங்கிக் கிடந்தது. இரண்டு வரிசை ரிவெட் இழுபட்டுப் பெயிண்ட் உரிந்திருந்தது. ப்ரொப்பல்லரின் இரண்டு நுனியும் பின்பக்கமாகச் சுருண்டிருந்தன. 172-இல் மூக்குச் சக்கரத்தின் கால் ஃபயர்வாலோடுதான் பிணைக்கப்பட்டிருக்கிறது. கனமாக இறங்குவதைத் தாங்க வேண்டியவை பின்னால் இருக்கும் இரண்டு முக்கியச் சக்கரங்கள். முன்னால் இருப்பது திருப்புவதற்கு. அதில் முதலில் இறங்கினால் நேராக உடம்பில் இடிக்கிறது. ப்ரொப்பல்லர் தரையைத் தொட்டுவிட்டதால் என்ஜினையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஒரு நிமிட வேலையில் பல லட்சம் போச்சு.

சரி, அந்த வேகக் கணக்குக்கு வருவோம். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) முழுதாக இறக்கிய 172எஸ் வகை விமானத்துக்குக் கையேடு சொல்லும் இறங்கு வேகம் 60 முதல் 70 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.). ஃபிளாப் முழுதாக இறங்கியிருக்கும்போது ஸ்டால் ஆவது, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது, 40 நாட்டில். அதாவது கையேட்டு எண்ணுக்குள்ளேயே தாராளமான இடைவெளி வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். விட்டுவிட்டு வீசும் காற்றுக்கு உலகம் முழுக்கச் சொல்லித்தரும் எளிய கணக்கு இது: சீரான காற்றுக்கும் வீச்சுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கூட்டிக்கொள். டவர் “16 நாட், வீச்சு 24” என்றால் வித்தியாசம் 8. கூட்ட வேண்டியது 4. 65-இல் வருபவர் 69-இல் வரலாம். அவ்வளவுதான். மாணவர்கள் கூட்டுவதோ 15.

65-க்குப் பதில் 80 நாட்டில் வந்தால் 15 தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் விமானம் சுமந்து வரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 65-லிருந்து 80 என்பது ஒன்றரை மடங்கு ஆற்றல். அதை ஃபிளேருக்கு, அதாவது தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கி இறக்கத்தைத் தணிப்பதற்குப் பிறகு எங்காவது செலவழித்தாக வேண்டும். செலவாகும் வரை விமானம் தரையில் உட்காராது, நாலடி உயரத்தில் மிதந்துகொண்டே போகும். 70 நாட் நிலவேகத்தில் ஒரு விநாடிக்கு 36 மீட்டர் ஓடுகிறது. பத்து விநாடி மிதந்தால் 360 மீட்டர் ரன்வே கீழே போய்விட்டது.

பக்கக்காற்று அந்தப் பத்து விநாடியும் சும்மா இருக்குமா? தள்ளிக்கொண்டே இருக்கும். வேகம் குறையக் குறைய, இறக்கையைச் சாய்க்கும் ஏலரானும் மூக்கைத் திருப்பும் ரட்டரும் வலுவிழக்கும், ஆகவே ஒவ்வொரு விநாடியும் முன்னைவிட அதிகமாக மிதிக்க வேண்டும், அதிகமாகத் திருப்ப வேண்டும். மாணவர்கள் செய்வது நேர்மாறு. ரன்வே வந்துவிட்டது என்ற நிம்மதியில் கையையும் காலையும் தளர்த்துவார்கள். விமானம் ஓரமாக நகரும். ரன்வே தீர்ந்துபோகிறதே என்ற பதற்றம் வரும். கைப்பிடியான யோக்கை முன்னால் தள்ளுவார்கள். போச்சு.

தள்ளியதும் மூக்குச் சக்கரம் முதலில் தரையில் அடிக்கும். அடித்த வேகத்தில் மூக்கு மேலே எகிறும். எகிறியதைப் பார்த்து இவர் மறுபடி தள்ளுவார். தள்ளும் நேரத்துக்கு மூக்கு தானாகவே கீழே வந்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து முன்னைவிடப் பலமான இடி. அடுத்த குதி இன்னும் உயரம். உங்கள் கை எப்போதும் விமானத்துக்கு அரை விநாடி பின்னால்தான் இருக்கும், ஆகவே இதைத் துரத்திப் பிடிக்க யாராலும் முடியாது. மூன்றாவது நான்காவது குதியில் சக்கரம் கழன்றுவிடும். ரன்வேயை நோக்கிய கடைசி நேர்ப்பாதையான ஃபைனலில் “சும்மா இருக்கட்டுமே” என்று வைத்துக்கொண்டு வந்த 15 நாட்டிலிருந்து, மடிந்து கிடக்கும் ப்ரொப்பல்லர் வரை எல்லாம் ஒரே சங்கிலி. முதல் கண்ணியை அறுத்தால் மீதி எதுவும் நடக்காது.

குதித்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். மூக்கைத் தள்ளாதீர்கள். சின்னக் குதி என்றால் மூக்கை அதே நிலையில் பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து உட்கார விடுங்கள். கொஞ்சம் பெரிது என்றாலே த்ராட்டிலை முழுக்கத் திறந்து, இறங்காமல் மேலேறிப் போய்விடுங்கள். இரண்டாவது குதிவரை காத்திருக்கக் கூடாது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பறப்பவர்கள் பக்கக்காற்றோடுதான் வாழ வேண்டும். திருச்சி ரன்வே 27-ஐ (அதாவது 270 டிகிரி திசை) எடுத்துக்கொள்ளுங்கள். காற்று 240 திசையிலிருந்து 16 நாட், வீச்சு 24. இடைப்பட்ட கோணம் 30 டிகிரி என்றால் காற்றில் பாதி பக்கக்காற்று, 45 என்றால் பத்தில் ஏழு, 60 என்றால் ஏறத்தாழ பத்தில் ஒன்பது. இங்கே பக்கக்காற்று 8 நாட், வீச்சில் 12. இந்த மனக்கணக்கை, ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டிலேயே போட்டுவிட வேண்டும், ஃபைனலுக்கு வந்து யோசிக்கக் கூடாது. 172-இன் கையேட்டில் இருக்கும் 15 நாட் என்பது தேர்ந்த சோதனை விமானி செய்து காட்டிய அளவு. இருபது முப்பது மணி நேரம் பறந்தவருக்கு அது பொருந்தாது. உங்கள் அளவு என்ன என்பதை உங்கள் பயிற்றுநரோடு உட்கார்ந்து ஓர் எண்ணாக எழுதி வையுங்கள்.

இதே காற்றில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 27-க்கு இடப்பக்கச் சுற்றில் வந்தால் ஃபைனலுக்கு முந்தைய குறுக்குப் பாதையான பேஸில் காற்று உங்கள் முதுகிலிருந்து தள்ளும். ஃபைனல் திருப்பத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அப்போது இறக்கையை அதிகம் சாய்க்கப் பயந்து, ரட்டரை மட்டும் மிதித்து மூக்கை ரன்வே பக்கம் இழுக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். வழுக்கிக்கொண்டு திரும்பும் விமானத்தில் உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகும், அது சுழன்று விழும் ஸ்பின்னாக மாறும். 500 அடியில் அதிலிருந்து மீள இடமே கிடையாது. சக்கரம் உடைவது பணத்தோடு போகும், இது உயிரோடு போகும். தாண்டிவிட்டீர்களா? இறக்கையை மட்டப்படுத்தி, மேலேறி, மறுபடி சுற்றி வாருங்கள்.

கோ-அரவுண்ட் போனால், அதாவது இறங்காமல் மேலேறி மறுபடி சுற்றி வந்தால், அவமானம் என்று யார் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. க்ரூ ரூமில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். ஏர்லைன்ஸில் கேப்டன்கள் நூற்றுக்கணக்கான பயணிகளை வைத்துக்கொண்டு கோ-அரவுண்ட் போகிறார்கள். என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி: 300 அடியில் வேகம் சரியாக இல்லையென்றால், நடுக்கோட்டில் இல்லையென்றால், போய்விடு. ரன்வேயின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் படவில்லையென்றாலும் போய்விடு. காரணம் யாரும் கேட்க மாட்டோம்.

ஆனால் அதையும் பழகியிருக்க வேண்டும். 2016 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஹூஸ்டன் ஹாபி விமான நிலையத்தில், காற்று விட்டுவிட்டு வீசிய நாளில், ஒரு சிறிய சிரஸ் எஸ்ஆர்20 விமானம் இறங்க முடியாமல் மறுபடி மறுபடி சுற்றி வந்தது. பெரிய ஜெட்களுக்கு நடுவே டவரிலிருந்து அடுத்தடுத்து உத்தரவுகள். கடைசி கோ-அரவுண்டில் வேகம் சேருவதற்கு முன்பே ஃபிளாப் ஏற்றப்பட்டது. விமானம் ஸ்டால் ஆகி விழுந்து, உள்ளே இருந்த 3 பேரும் இறந்தார்கள். கோ-அரவுண்ட் போக முடிவெடுத்தது சரி. செய்த வரிசைதான் தவறு. 172எஸ்-இல் வரிசை இது: த்ராட்டில் முழுக்க, வலது ரட்டர், மூக்கு எகிறாமல் பிடி, ஃபிளாப் 20 டிகிரிக்கு. 60 நாட்டில் ஏறு. தடைகளைத் தாண்டும் வரை ஃபிளாப் 10 டிகிரி. பாதுகாப்பான உயரமும் 65 நாட்டும் வந்த பிறகுதான் மீதியை எடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வர வேண்டும்.

கோடைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலேயே 40 டிகிரி வெயில் அடித்தால், விமானம் ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருப்பதுபோல்தான் நடந்துகொள்ளும். மேலேறும் திறன் குறையும், ஆகவே கோ-அரவுண்ட் முடிவைச் சீக்கிரம் எடுங்கள். வேகமானியான ஏஎஸ்ஐ 65 காட்டும்போது உண்மையில் 68 போகிறீர்கள், தரை கொஞ்சம் வேகமாக ஓடும். கண்ணை நம்பிப் பவரைக் குறைக்காதீர்கள், முள்ளை நம்புங்கள். கிழக்குக் கரையில் பறப்பவர்களுக்கு நண்பகல் வாக்கில் மேற்குக் காற்று கடற்காற்றாகத் திரும்பும். கிளம்பும்போது வாங்கிய காற்று நிலவரம் திரும்பி வரும்போது செல்லாது. டவரிடம் மறுபடி கேளுங்கள், காற்றின் திசை காட்டும் துணிப்பையான விண்ட் சாக்கையும் ஒரு பார்வை பாருங்கள்.

பலமான பக்கக்காற்றில் ஃபிளாப்பைக் குறைத்து வையுங்கள், ரன்வே நீளத்துக்குத் தேவையான அளவு போதும். காற்று வரும் பக்கத்துச் சக்கரம் முதலில் படட்டும். பட்ட பிறகும் ஏலரானைக் காற்றுப் பக்கமே வைத்திருங்கள், வேகம் குறையக் குறைய இன்னும் திருப்புங்கள். பார்க்கிங்கில் என்ஜினை நிறுத்தும் வரை லேண்டிங் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, கடன் வாங்கிப் படிக்க வைக்கிறீர்கள், கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கான 200 மணி நேரம் சீக்கிரம் முடிய வேண்டும் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தினமும் ராத்திரி போனில் “இன்னைக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?” என்று கேட்காதீர்கள். காற்று சரியில்லை, நான் போகவில்லை என்று பிள்ளை சொன்னால், நல்லது செய்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும், அடுத்த நாளும் அவன் சரியான முடிவை எடுப்பான்.

மாணவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். குதித்தோ கனமாகவோ இறங்கிவிட்டால், விமானம் ஒழுங்காக ஓடித்தானே வந்தது என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஃபயர்வாலில் விழுந்த சுருக்கம் வெளியிலிருந்து தெரியாது. திட்டு விழும் என்ற பயத்தில் மறைத்தால், அடுத்த ஷெட்யூலில் அதே விமானத்தில் முதல் சோலோ, அதாவது தனியாகப் பறக்கப் போவது உங்கள் ஜூனியர் பெண்ணாக இருக்கலாம். விமானத்தின் பழுதுகளை எழுதும் பதிவேடான டெக் லாகில் ஹெவி லேண்டிங் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இன்ஜினியர் கௌலிங்கைத் திறந்து பார்த்து விடுவிக்கும் வரை சாவியை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நான் கேட்டாலும்.