விடியுமுன் எடுத்த தண்ணீர்

தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் சோதிக்க, கன்னியாகுமரி மாவட்டத் தேரூர்க் குளத்தங்கரைக்கு விடியற்காலை 5 மணிக்கே வரவேண்டும் என்றதும் மாணவர்களின் முகம் தொங்கிப்போனது. மதியம் எடுத்த தண்ணீர் நன்றாகத்தானே இருந்தது, சார்? நியாயமான கேள்விதான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு என்ன குறை?

வெயில் ஏற ஏறப் பாசியும் நீருக்கடியில் வளரும் செடிகளும் ஆக்சிஜனை விடும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் காற்றிலிருந்து சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். பாசி மண்டிய குளம் உச்சிவெயிலில் அதையும் தாண்டும். பொழுது சாய்ந்தால் உற்பத்தி நின்றுவிடும், ஆனால் மூச்சு நிற்காது. மீன், பாசி, சேற்றிலுள்ள பாக்டீரியா எல்லாம் இரவு முழுக்க இருப்பைத் தின்னும். விடியுமுன்தான் அது அடிமட்டத்துக்கு வரும். மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது அதனால்தான். (விரால் கெட்டிக்காரன், காற்றை நேரே விழுங்கிக்கொள்ளும்.)

சோதனை எளியது. பாட்டிலை நீருக்குள் முக்கி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். அப்புறம் மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டால் ஆக்சிஜன் இருக்குமளவுக்குப் பழுப்பாகப் படியும்; இல்லையென்றால் வெள்ளையாக. மதியப் பாட்டிலில் காப்பித்தூள் நிறம். விடியல் பாட்டிலில் வெளிறிய மஞ்சள். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது யாரும் கொட்டாவி விடவில்லை.

பாட்டில் சொல்வது அந்த நேரத்துக் கதை மட்டும். வாரக்கணக்கான கதைக்குச் சேற்றை அரிக்க வேண்டும். சிவப்பாக நெளியும் புழு கிடைத்தால், அது புழுவல்ல, கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சு. உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கும். மே ஈ (mayfly) என்ற பூச்சியின், வால் மூன்றுள்ள குஞ்சுகளில் பலவற்றுக்கு அது முடியாது. கோதையாற்றின் மேற்பகுதி போல ஓடும் நீரில் கல்லைப் புரட்டி அவற்றைத் தேடலாம்.

பக்கத்து ஊர்க் குளமொன்றில் ஆகாயத்தாமரை மூடிக்கிடந்தது. மருந்தடித்துவிடலாமே என்றான் ஒருவன். செத்த செடி உள்ளேயே அழுகி, மிச்ச ஆக்சிஜனையும் குடித்துவிடும். வாரி எடுத்தாலும் கரையில் குவிக்கக் கூடாது; மழையில் ஊறி அதன் சத்து திரும்பவும் குளத்துக்கே வரும். வண்டியில் ஏற்றி உரக்குழிக்கு அனுப்புவதே சரி.

போகுமுன் அந்தச் செடிகளுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தோம். மணி பகல் 12. படிந்தது வெள்ளை.