சர்வோ: சொல்லும் பொருளும்

ரேடியோ விமானம் கட்டுகிறவர்களுக்கு சர்வோ என்றால் எய்லரான் (இறக்கையின் அசையும் மடல்), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்), சுக்கான் இவற்றை அசைக்கும் சின்னப் பெட்டி. கடையில் ‘சர்வோ மோட்டார்’ என்று கேட்டாலும் கிடைக்கும். ஆனால் உள்ளே மோட்டார் இருப்பதால் மட்டும் அது சர்வோ ஆகிவிடாது.

லத்தீனில் ‘செர்வுஸ்’ என்றால் அடிமை, ஏவலாள். 19ஆம் நூற்றாண்டில் பெரிய நீராவிக் கப்பல்களின் சுக்கானைக் கையால் திருப்புவது பெரும்பாடு. அந்த வேலையை நீராவி எந்திரத்திடம் விட்ட பிரெஞ்சுப் பொறியாளர் ஜோசஃப் ஃபார்கோ, அதற்கு இந்த லத்தீன் சொல்லை ஒட்டிப் பெயர் வைத்தார். 1873இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். கட்டளை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் சுக்கான் திரும்பும், அப்புறம் அங்கேயே நிற்கும்.

9 கிராம் சர்வோ செய்வதும் அதேதான். விமானத்தில் ரேடியோ கட்டளையை வாங்கும் ரிசீவர், சர்வோவுக்கு நொடிக்குச் சுமார் 50 மின்துடிப்புகள் அனுப்புகிறது. துடிப்பு 1.5 மில்லிநொடி நீடித்தால், சர்வோவின் அச்சில் மாட்டிய சின்னக் கை நடுவில் நிற்கும். 1 மில்லிநொடி என்றால் ஒரு பக்க எல்லைக்குப் போகும், 2 என்றால் மறுபக்க எல்லைக்கு. அச்சோடு சுழலும் மின்தடை, கை இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. கேட்ட கோணமும் இருக்கும் கோணமும் ஒன்றாகும்வரை மோட்டார் ஓடும்.

மோட்டாருக்கு மின்னோடி என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. சர்வோவை ‘ஏவல் மின்னோடி’ எனலாம். ‘தானியங்கி மோட்டார்’ என்பது தவறு. இது தானாக எதையும் செய்வதில்லை.

வாங்கும்போதும் இந்தப் பொருளை மனதில் வைத்தால் போதும். பலரும் முறுக்குவிசையை மட்டும் பார்க்கிறார்கள். 1.8 கிலோ-செ.மீ. என்றால் அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 1.8 கிலோ, 2 செ.மீ. தூரத்தில் 0.9 கிலோ. அரைக் கிலோ எடையுள்ள ஃபோம் விமானத்துக்கு அது தாராளம். அதைவிட முக்கியம், சொன்ன இடத்துக்குத் திரும்புகிறதா என்பது. மின்சாரம் கொடுத்து, கையை முதலில் இடக்கோடியிலிருந்தும் பிறகு வலக்கோடியிலிருந்தும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். விரலால் மெல்ல அசைத்தால் ஆட்டம் கொடுக்கக் கூடாது. இருப்பதில் சிறந்ததை எலிவேட்டருக்கு வையுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் எவ்வளவு டிரிம் செய்தாலும் (நடுநிலையை நுணுக்கமாகச் சரிசெய்தாலும்) மூக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

நைலான் பற்சக்கரம் மோதலில் உடையும், ஆனால் எடை குறைவு. உலோகப் பற்சக்கரமும் தேயத் தேய ஆட்டம் கொடுக்கும். மாட்டிய பிறகு சும்மா நிற்கும்போதே ‘ர்ர்’ என்று முனகினால் சர்வோவை மடலோடு இணைக்கும் கம்பி எங்கோ இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் சர்வோ அந்த இடத்தை எட்ட முடியாமல் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் பறக்கவிடாதீர்கள்.