அம்மா சொல்ல மாட்டார், நீங்கள் கேளுங்கள்

போன வாரம் என்னிடம் சிகிச்சைக்கு வந்த அம்மாவுக்கு 54 வயது. ஜாக்கெட்டுக்குள் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வைத்திருந்தார். அதை எடுத்ததும் மஞ்சள் வாசனை. இடது மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி, மேல்தோல் புண்ணாகியிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஒரு வருசம் இருக்கும்மா. மக பிரசவத்துக்கு வந்திருந்தா, அப்புறம் நடவு வந்துருச்சு. வலிக்கவே இல்லையே, அதான் விட்டுட்டேன்" என்றார். வெளியே அவருடைய மகன், "எங்களை ஆளாக்கினதே அம்மாதான் டாக்டர்" என்று அழுதார். இந்த மாதம் இப்படி மார்பகப் புற்றுநோய் முற்றி வந்த மூன்றாவது அம்மா இவர்.

வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும். இதை எத்தனை முறை சொல்வது!

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது இன்னொரு பேச்சில்தான்: "ஊசி போட்டுச் சதை எடுத்தா பரவிடும், கத்தி பட்டா ஆளே போயிடும்." இவரிடமும் ஆறு மாதத்துக்கு முன்பே உறவுக்காரர் ஒருவர் அப்படிச் சொல்லித் தடுத்திருக்கிறார். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? நோய் முற்றிய பிறகுதான் பலர் வருகிறார்கள். அதற்குள் அது எலும்புக்கோ நுரையீரலுக்கோ போயிருக்கும். ஆபரேஷன் ஆகிச் சில மாதங்களில் இறந்துவிட்டால், ஊரே கத்தியைக் குற்றம் சொல்கிறது. அதற்கு முன்னால் வீணாய்ப் போன ஒரு வருடத்தை யாரும் பேசுவதில்லை. ஊசியால் நோய் பரவாது. சதை எடுத்துப் பார்க்காமல் என்ன வகைப் புற்றுநோய் என்று தெரியாது. அது தெரியாமல் எங்களால் மருந்தும் எழுத முடியாது.

தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் கண்மூடும்வரை அதற்காகவே வாழ்ந்தார். இவர்களைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன். ஆனால் மார்பைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் நான் பயிற்சி எடுத்த வார்டில் இருந்த ஒரு மூத்த நர்ஸ். "நுனி விரலால கிள்ளாதே, நடு மூணு விரலோட பட்டையை வச்சு வட்டமாத் தடவு" என்பார். இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன்.

நீங்களும் அப்படியே பாருங்கள். மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்து, மாதம் ஒருமுறை. மாதவிலக்கு நின்றவர்கள் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். கட்டி, அக்குள் வீக்கம், காம்பு உள்ளிழுப்பது, காம்பில் ரத்தக்கசிவு, இதில் எது இருந்தாலும் மஞ்சள் பற்று போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயே இல்லை. அதையும் பார்த்தால்தானே சொல்ல முடியும்? 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள்.

மகன்களே, நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டால் அக்காவையோ மனைவியையோ கேட்கச் சொல்லுங்கள். தயவுசெய்து இன்றைக்கே.

திங்கட்கிழமை அந்த அம்மாவுக்கு முதல் கீமோ. வைகாசியில் பேரனுக்குக் காது குத்தாம், அதற்குள் முடிந்துவிடுமா என்று கேட்கிறார்.