இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ்னு எழுதுறவங்க கவனத்துக்கு

மத்தவங்க எழுதின ரெஸ்யூமே, ஆபீஸ் மெயில் எல்லாம் திருத்திக் கொடுக்குறதுதான் என் வேலை, அதுல திரும்பத் திரும்ப கண்ணுல படுறது இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ், எக்விப்மென்ட்ஸ், ஃபர்னிச்சர்ஸ், ஃபீட்பேக்ஸ் இதெல்லாம்தான். இன்னைக்கு இங்கிலீஷ்ல இது எல்லாமே அன்கவுன்டபிள், அதாவது ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண முடியாத சொல், பின்னாடி எஸ் சேராது. நல்லா படிச்சவங்ககூட இப்படி எழுதுறாங்க, அவங்களக் குறை சொல்லவும் முடியாது, ஏன்னா தமிழ்ல தகவல்கள், அறிவுரைகள்னு தாராளமா சொல்றோம், ஃப்ரெஞ்சுலகூட இன்ஃபர்மேஷனுக்கு ப்ளூரல் இருக்கு. எதை எண்ணலாம்னு ஒவ்வொரு மொழியும் அதுஅது பாட்டுக்கு வெச்சிருக்கு. சூட்கேஸ எண்ணலாம், லக்கேஜ எண்ணக்கூடாது. ஜாப்ஸ் சரி, அதே அர்த்தத்துல வொர்க்ஸ் தப்பு.

சரி, எஸ்ஸ எடுத்துட்டா முடிஞ்சுதான்னா, அங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. "தீஸ் இன்ஃபர்மேஷன்ஸ் ஆர் யூஸ்ஃபுல்"ல எஸ்ஸ மட்டும் வெட்டிட்டு "தீஸ் இன்ஃபர்மேஷன் ஆர் யூஸ்ஃபுல்"னு அனுப்பிடுறாங்க. தீஸ் போய் திஸ் வரணும், ஆர் போய் இஸ் வரணும், முன்னாடி மெனி இருந்தா அது மச் ஆகணும், ஆக மொத்த வாக்கியத்தையும் ஒரு தடவை படிச்சுப் பார்த்தே ஆகணும். எண்ணிக்கை சொல்லியே தீரணும்னா "டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்", அங்க எஸ் பீஸ்லதான் உட்காரும், அட்வைஸ் அப்படியே இருக்கும். நியூஸ்ல எஸ் இருக்கேன்னு ஏமாறாதீங்க, "தி நியூஸ் இஸ்"தான்.

இதுக்கு நேர் எதிரா, வேண்டிய இடத்துல எஸ்ஸ விடுறதும் உண்டு. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" தப்பு, ஃப்ரெண்ட்ஸ்னு வரணும், பல பேர்ல ஒருத்தர்ங்கறதால. நமக்கு பத்து புத்தகம், நாலு வீடுன்னு 'கள்' இல்லாமலே பேசிப் பழக்கமாச்சே, அதான் கை தானா விட்டுடுது.

சந்தேகம் வந்தா கேம்பிரிட்ஜ் டிக்ஷனரிய தொறங்க, சொல்லுக்குப் பக்கத்துலயே சி-ன்னோ யூ-ன்னோ போட்டிருக்கும், சி கவுன்டபிள், யூ அன்கவுன்டபிள். எக்ஸ்பீரியன்ஸ் மாதிரி சிலதுக்கு ரெண்டுமே இருக்கும், அப்போ அர்த்தத்தையும் சேர்த்துப் படிங்க. வேலை அனுபவம்னா யூ, அதனால ரெஸ்யூமேல "ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்". வாழ்க்கைல நடந்த சம்பவங்கள்னா சி, அங்க எக்ஸ்பீரியன்சஸ்னு தைரியமா எழுதலாம்.