சாய்தளத்தை முதல் கூட்டத்திலேயே வரையுங்கள்

"மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பிக்கலாம்" என்று இசை நாடகக் குழுக்கள் அறிவிப்பு விடுவது இப்போது அதிகமாகியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆடிஷன் நடக்கும் அறை லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் இருந்தால், அந்த அறிவிப்பை நம்பி யார் வர முடியும்? மேடை மேலாளராக வேலை செய்யும் எனக்கு இதில் ஒரே ஒரு வற்புறுத்தல்தான்: நடிகரைத் தேர்ந்தெடுத்த பிறகு வசதி செய்வது தாமதம். மேடை வடிவமைப்பின் முதல் கூட்டத்திலேயே அது பேசப்பட வேண்டும்.

2019இல் இசை நாடகத்தின் சிறந்த துணை நடிகைக்கான டோனி விருதை, அதாவது அமெரிக்க மேடை நாடகத்தின் பெரிய விருதை, நடிகை ஆலி ஸ்ட்ரோக்கர் வென்றார். சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவருக்கு டோனி கிடைத்தது அதுவே முதல் முறை. ஆனால் பார்வையாளர் பகுதியிலிருந்து மேடைக்கு ஏறச் சாய்தளம் இல்லாததால், விருதுக்கு முன்பே அவர் மேடைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியிருந்தது. திறமையைக் கொண்டாடத் தயாராக இருந்த அரங்கில் அவர் ஏறிவர வழி இல்லை.

சாய்தளம் என்றால் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பதல்ல. பரவலாகப் பின்பற்றப்படும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். மேடை மூன்றடி உயரம் என்றால் சாய்தளத்துக்கு மட்டும் 36 அடி நீளம் வேண்டும், திரும்பும் இடம் தனி. கடைசி வாரத்தில் அந்த இடத்தை எங்கே தேடுவது? செட்டை நகர்த்தத் தரையில் வெட்டும் தண்டவாளக் கோடுகளும் அப்படித்தான். நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அதில் சிக்கினால் பாடிக்கொண்டிருப்பவர் முன்னால் கவிழ்ந்துவிடலாம். கோட்டின் அகலத்தை வரைபடத்திலேயே சரி பார்த்துவிட்டால் செலவே இல்லை.

அப்புறம் மைக். குரலை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் அதன் சிறு பெட்டியை, டிரான்ஸ்மிட்டரை, பொதுவாக இடுப்புக்குப் பின்னால் கட்டுவோம். நாற்காலியில் உட்கார்ந்தே ஆடுபவருக்கு அது முதுகுச் சாய்மானத்தில் அழுந்தி வலிக்கும், கேபிளும் போய்விடும். விக்குக்குள்ளோ தொடையிலோ வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. உடையையும் உட்கார்ந்த நிலையில் அளவெடுத்துத் தைக்க வேண்டும். நின்றபடி அளந்து தைத்த பாவாடை சக்கரத்தில் மாட்டும்.

காது கேளாத நடிகர்களுடன் இசை நாடகமா என்று இன்னும் கேட்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் டெஃப் வெஸ்ட் குழு, நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேக்கு 2003இல் 'பிக் ரிவர்', 2015இல் 'ஸ்பிரிங் அவேக்கனிங்' என இரண்டு நாடகங்களைக் கொண்டுவந்து இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. ஒருவர் சைகை மொழியில் நடிக்க, இன்னொருவர் அவருக்குக் குரல் கொடுத்துப் பாடுவார். தாளம் தவறாமல் எப்படித் தொடங்குவது? தோளில் ஒரு தட்டு, எதிரில் நிற்பவரின் மூச்சு, விளக்கு மாறும் நொடி என்று குறிப்புகளை நடன அசைவுக்குள்ளேயே வைத்துவிடலாம். பார்ப்பவருக்கு அது நடிப்பாகவே தெரியும். 'பிக் ரிவர்' நாடகத்தில் இசை நின்றுபோய், மேடையில் எல்லோரும் மௌனமாகச் சைகையிலேயே பாட்டைத் தொடரும் இடம் ஒன்று உண்டு. அந்த அழகு காது கேளாத நடிகர்கள் இல்லாமல் வந்திருக்காது.

ஆட்டிச நிலையில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது பணமல்ல, முன்கூட்டிய தகவல். நாளை எந்தக் காட்சி, எத்தனை மணிக்கு, சத்தமும் மின்னல் விளக்கும் எந்த இடத்தில் என்பதை முந்தைய மாலையே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விளக்கு அணைத்த அமைதியான ஒரு அறையும் வேண்டும். இதனால் குழு முழுவதற்குமே ஒத்திகை இலகுவாகிறது. 2023இல் பிராட்வேயில் நடந்த 'ஹவ் டு டான்ஸ் இன் ஓஹையோ' நாடகத்தில் ஆட்டிச நிலையில் உள்ள ஏழு பாத்திரங்களையும் ஆட்டிச நிலையில் உள்ள ஏழு பேரே ஏற்று நடித்தார்கள்.

இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊனத்தைப் பற்றிய கதை வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆலி ஸ்ட்ரோக்கர் விருது வாங்கிய 'ஓக்லஹோமா' நாடகத்தின் ஏடோ ஆனி காதலிலும் கேலியிலும் திளைக்கும் பெண். கதையில் எங்கும் சக்கர நாற்காலி கிடையாது.

பலரும் மறந்துவிடுவது மாற்று நடிகரை. சக்கர நாற்காலி நடிகருக்கு உடம்பு சரியில்லாத மாலையில், நடக்கக்கூடிய ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். நாற்காலியைச் சுழற்றி ஆடும் நடனம் பல வருடப் பழக்கம், ஒரு வாரத்தில் வராது. முதல் ஆடிஷனிலேயே அந்தப் பாத்திரத்துக்கு நாற்காலி நடிகர்கள் இருவரை எடுங்கள், இருவருக்கும் ஒத்திகை நேரம் கொடுங்கள், தீ விபத்து ஏற்பட்டால் இருவரும் எந்தக் கதவு வழியாக வெளியேறுவார்கள் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.