ரெண்டு இழுப்புதானே டாக்டர்?

லாரி ஓட்டுகிறவர். பதினோரு நாள் சிகரெட்டைத் தொடாமல் இருந்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் என் எதிரே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "டீக்கடையில தொங்குற கயித்துல நெருப்பப் பாத்தேன் டாக்டர். கை தானா போயிருச்சு. ரெண்டே இழுப்பு. கீழ போட்டு மிதிச்சுட்டேன்."

மிதித்தது நல்லது. ஆனால் அந்த ரெண்டு இழுப்பு என்ன செய்யும் என்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் புரோடி குழுவினர், புகைக்கு அடிமையான 11 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2006இல் வெளியானது. புகையிலையில் உள்ள நிக்கோட்டின், மூளைக்குள் போய் உட்காரும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். அதே ஏற்பிகளில் உட்காரக்கூடிய, லேசான கதிரியக்கம் கொண்ட ஒரு மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். அது எங்கெல்லாம் உட்கார்கிறதோ அங்கெல்லாம், கதிரியக்கத்தைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேனில் வெளிச்சம் தெரியும். புகைத்தால் அந்த வெளிச்சம் மங்குகிறது. காரணம், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல நிக்கோட்டின் முந்திக்கொள்கிறது.

ஒன்றிரண்டு இழுப்பிலேயே பாதி இருக்கை போய்விடுகிறது. அதுவும் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரு முழு சிகரெட் என்றால் 88 சதவீதத்துக்கும் அதிகம். ஒரு பாக்கெட் பிடிப்பவரின் மூளையில் பகல் பூராவும் ஹவுஸ்ஃபுல்தான்.

இருக்கை எப்போதும் நிரம்பியிருந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. கூடுதல் இருக்கை போடுகிறது. சிகரெட்டை நிறுத்தியதும் அத்தனையும் காலியாகக் கிடக்கும். எரிச்சல், தூக்கமின்மை, வீட்டில் சட்டென்று கத்துவது எல்லாம் அந்த நாட்களில்தான். யேல் பல்கலைக்கழகத்தினர், நிறுத்தியவர்களைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து 2009இல் எழுதினார்கள்: ஒரு மாதம் வரைக்கும் எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கிறது, 6 முதல் 12 வாரத்துக்குள் புகைக்காதவர்களின் அளவுக்கு வந்துவிடுகிறது. "மன உறுதி இல்லாதவன்" என்று கணவனைத் திட்டிக்கொண்டே அழைத்து வரும் மனைவிமாரிடம் நான் முதலில் சொல்வது இந்த வாரக் கணக்கைத்தான்.

நிக்கோட்டினோடு கதை முடிவதில்லை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஜோவன்னா ஃபௌலர் குழுவினர் 1996இல் ஸ்கேனில் ஒன்றைக் காட்டினார்கள். இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைச் சிதைக்கும் 'மாவோ பி' என்ற நொதி (என்சைம்), புகைப்பவர்களின் மூளையில் சுமார் 40 சதவீதம் குறைவு. நிக்கோட்டின் டோபமைனை ஊற்றெடுக்க வைக்கிறது. அதை வடியவிடாமல் புகையிலுள்ள வேறு ஏதோ ஒன்று மடையை அடைக்கிறது. நிக்கோட்டின் தனியாக இந்த வேலையைச் செய்வதில்லை. "நிக்கோட்டின் சூயிங்கம் மென்னாலும் தம் அடிச்ச மாதிரி இல்லையே டாக்டர்" என்று நோயாளிகள் சொல்லும்போது நான் மறுத்துப் பேசாததற்கு இதுவும் ஒரு காரணம். புகைப்பதை விட்டவர்களிடம் இந்த நொதி இயல்பான அளவில் இருந்ததையும் அதே ஆய்வில் பார்த்தார்கள்.

அந்த ஸ்கேன் படம் வாட்ஸப்பில் 'புகையால் செத்துப்போன மூளை' என்று சுற்றுகிறது. தவறு. சிவப்பும் நீலமும் கம்ப்யூட்டர் போட்ட நிறங்கள். நொதி எங்கே அதிகம், எங்கே குறைவு என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன. பயமுறுத்தி யாரும் சிகரெட்டை விட்டு நான் பார்த்ததில்லை. பயந்தால் வெளியே போய் இன்னொன்றைப் பற்றவைப்பார்கள்.

"எனக்கும் அந்த ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா?" என்று லாரிக்காரர் கேட்டார். வேண்டாம். அது ஆராய்ச்சிக்கானது, சிகிச்சை அதனால் மாறப்போவதில்லை. காசை மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதே ஏற்பிகளில் அரைகுறையாக உட்கார்ந்து ஏக்கத்தைக் குறைக்கும் வேரெனிக்ளின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். ராத்திரி வண்டியில் தவிப்பு வந்தால் என்ன செய்வது என்றார். பகலில் கூப்பிடுவதற்கு, புகையை விட உதவும் 1800-11-2356 என்ற எண் இருக்கிறது, இலவசம், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். ராத்திரிக்குத் தண்ணீர் பாட்டில், மெல்லுவதற்கு ஏதாவது, பத்து நிமிடம் தள்ளிப்போடுவது.

"அப்ப பதினோரு நாளும் வீணா?"

இல்லை என்றேன். கயிறு எந்தக் கடையில் தொங்கியது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் வந்திருந்தார், ஏழாவது வாரம். அந்தக் கடையில் இப்போது வண்டியை விட்டு இறங்குவதே இல்லையாம். கிளீனர் போய் டீயை வாங்கி வந்து ஜன்னல் வழியாகக் கொடுக்கிறார்.